பருப்பு வேகாத தண்ணீரும் சிக்லிட் முட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாடியறையில் நாலு தொட்டி வைத்து வண்ணமீன் குஞ்சு உற்பத்தி செய்யலாம் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். வீட்டிலிருந்தே சம்பாதிக்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்ற அக்கறையில் எழுதப்பட்டது என்பது புரிகிறது. ஆனால் ராம், ஏப்பிஸ்டோ, கிரிப் போன்ற குள்ள சிக்லிட் மீன்களைக் கப்பி, மாலியோடு சேர்த்து ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனது சரியல்ல. கப்பி சேலத்துப் போர் தண்ணீரில் தானாகப் பெருகும். ராம் அதே தண்ணீரில் முட்டையிடும். மறுநாள் பார்த்தால் முட்டை முழுக்க வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்திருக்கும். வாங்கியவர் ஜோடி சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார். ஜோடியில் பெரும்பாலும் குறையே இருக்காது. குஞ்சுத் தொட்டி என்பது மீன் முட்டையிட்ட பிறகு ஓடிப்போய் வாங்கும் பொருள் அல்ல. குறைந்தது ஒரு மாதம் முன்பே தண்ணீரும் ஃபில்டரும் தயாராக இருக்க வேண்டும். இதை விளக்கமாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளத்தைப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

சிக்லிட் என்ற பெயர் புதிதாகத் தோன்றலாம். மேட்டூர் அணையிலிருந்து சந்தைக்கு வரும் ஜிலேபி மீனும், கேரளத்துக் கரிமீனும் அந்தக் குடும்பம்தான். குள்ள சிக்லிட் என்பவை அதே குடும்பத்தில் இரண்டு முதல் நாலு அங்குலத்தோடு நின்றுவிடுபவை. ராம் மீனின் தாயகம் வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோகோ ஆற்றுப்படுகை. ஏப்பிஸ்டோகிராமா இனங்கள் தென் அமெரிக்கக் காட்டோடைகளில், மக்கிய இலைகளுக்கு நடுவே வாழ்பவை. கிரிப் மேற்கு ஆப்பிரிக்க மீன். முதல் இரண்டின் ஊர்த் தண்ணீர் கிட்டத்தட்ட மழைத் தண்ணீர். நம் ஊர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்: பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குக்கரின் அடியில் வெள்ளை படியும்.

காரணம் பாறையில் இருக்கிறது. செட்டிச்சாவடி, வெள்ளக்கல்பட்டிப் பக்கம் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல் மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். சேலத்து நிலத்தடி நீர் கடினமாக இருப்பதில் கால்சியத்தோடு இந்த மெக்னீசியத்துக்கும் பெரிய பங்கு உண்டு. கொதிக்க வைத்து ஆறவிட்டால் மென்மையாகாதா என்று பலரும் கேட்கிறார்கள். கொதிக்கும்போது கால்சியம் கார்பனேட்தான் படியும். மெக்னீசியம் பெரும்பகுதி தண்ணீரிலேயே தங்கிவிடும். கேஸ்தான் வீண். எலுமிச்சை பிழிவதும், வினிகர் ஊற்றுவதும் இதைப் போலத்தான். தண்ணீரின் அமில, கார அளவான பிஹெச் மாலையில் இறங்கி, மறுநாள் பழைய இடத்துக்கே ஏறிவிடும். அந்த ஏற்ற இறக்கமே குஞ்சைக் கொன்றுவிடும். அடுக்குமாடிகளில் உப்புப் போட்டுச் சுத்திகரிக்கும் சாஃப்ட்னர் இருக்கிறதே என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தருகிறது. சோப்பு நுரைக்கும், ஆனால் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு, குறையாது. முட்டைக்கு உதவாது.

கடினத் தண்ணீரில் முட்டை ஏன் வெள்ளையாகிறது? மென்தண்ணீரில் பழகிய இனங்களுக்குக் கருவுறுதல் குறையும், முட்டையின் வெளித்தோலும் இறுகும். உயிர் பிடிக்காத முட்டையில் பூஞ்சை ஏறி, பக்கத்து நல்ல முட்டைக்கும் பரவும். மெத்திலீன் புளூ ஊற்றிப் பூஞ்சையை நிறுத்தலாம்; கருவுறாத முட்டையைக் கருவுறச் செய்ய எந்த மருந்தாலும் முடியாது. அந்த நீல மருந்து ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் கெடுக்கும் என்பதால், முட்டையைத் தனிப் பெட்டிக்கு எடுத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

ஆகவே முதலில் வாங்க வேண்டிய கருவி டிடிஎஸ் மீட்டர். தெருவுக்குத் தெரு தண்ணீர் மாறும் ஊர் இது. அத்தோடு கடினத்தன்மையைச் சொட்டு எண்ணிப் பார்க்கும் சோதனை மருந்து ஒரு புட்டி. டிடிஎஸ் மொத்த உப்பை மட்டுமே சொல்லும். அதில் கடினத்தன்மை எவ்வளவு என்பதைச் சொட்டு மருந்துதான் காட்டும். ராம், ஏப்பிஸ்டோ அகாசிஸி போன்றவற்றின் முட்டைக்கு டிடிஎஸ் 80 முதல் 120 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை வைத்துக்கொள்வது நல்லது. கணக்கு எளிது. போர் தண்ணீர் 900, ஆர்ஓ தண்ணீர் 30 என்றால், ஒரு குடம் போர் தண்ணீருக்கு 9 குடம் ஆர்ஓ கலந்தால் 117 வரும். முழுக்க ஆர்ஓ ஊற்றக் கூடாது. காரத்தன்மை அறவே இல்லாத தண்ணீரில், குஞ்சுகளின் கழிவே பிஹெச்சை ஒரே இரவில் கீழே தள்ளிவிடும். அந்த ஒரு குடம் கடினத் தண்ணீர்தான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

வீட்டு ஆர்ஓ இயந்திரத்தில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும். குடிக்க ருசிக்காகச் சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் வழி அது. மீனுக்குப் பிடிக்கும்போது அதை மூடிவிட்டுப் பிடியுங்கள். கேன் தண்ணீர் வாங்குபவர்கள் ஒவ்வொரு கேனையும் அளந்தே ஊற்ற வேண்டும். இன்று 40 இருந்த கேன் அடுத்த வாரம் 110 இருப்பது சாதாரணம்.

இதைவிட நல்லதும் இலவசமானதும் புரட்டாசி, ஐப்பசி மழை. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதிலிருந்து பெரும்பாலான வீடுகளில் மாடியிலிருந்து குழாய் இறங்குகிறது. அதில் ஒரு டீ இணைப்பும் ஒரு வால்வும் போட்டால் போதும். முதல் 20 நிமிட மழையை வெளியே விட்டுவிட்டு, பிறகு வருவதை மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் பிடிக்கலாம். மாடியில் புதிதாகச் சுண்ணாம்போ சிமென்ட் பூச்சோ இருந்தால் இந்தத் தண்ணீர் ஆகாது. ஒரு தார்ப்பாயை நாலு மூலையில் கட்டிப் பிடித்த மழை அதைவிட மேல்.

மேட்டூர் குழாய்த் தண்ணீர், போர் தண்ணீரைவிடப் பல மடங்கு நல்லது. அதில் கவனிக்க வேண்டியது குளோரின். ஹைப்போ என்று கடையில் தரும் சோடியம் தயோசல்ஃபேட் படிகம் 100 லிட்டருக்கு 1 கிராம் போட்டால், வழக்கமான அளவு குளோரின் உடனே முறியும். லாரித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் அதிகமாக இருக்கலாம். அதை ஒரு நாள் ஏர் விட்டு வைத்த பிறகே ஹைப்போ போடுங்கள். சிமென்ட் சம்ப்பில் பல நாள் கிடந்த குழாய்த் தண்ணீரின் பிஹெச் ஏறியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்த மீனில் தொடங்குவது என்று கேட்டால், கிரிப் என்றுதான் சொல்வோம். 300, 400 பிபிஎம் தண்ணீரிலும் குஞ்சு எடுக்கும், தாயும் தகப்பனும் சேர்ந்து காக்கும். அடுத்தது ஏப்பிஸ்டோ ககட்டுவாய்ட்ஸ். ராம் மூன்றாவதாக வரட்டும். கடையில் அதன் நிறத்தைப் பார்த்து முதலில் அதையே வாங்கிவிடுகிறார்கள்.

இனி தொட்டி. முட்டையிட ஒரு ஜோடிக்கு 24 x 12 x 12 அங்குலத் தொட்டி, 10 அங்குலம் தண்ணீர். சுமார் 47 லிட்டர் கொள்ளும். ஏப்பிஸ்டோவும் கிரிப்பும் குகையில் முட்டையிடுபவை. கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, விளிம்பில் 3 சென்டிமீட்டர் வாயளவுக்கு ஒரு வாசல் அறுத்தால் குகை தயார். தேங்காய்ச் சதை துளியும் ஒட்டியிருக்கக் கூடாது. சுரண்டி, இரண்டு முறை தண்ணீர் மாற்றி, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். ராமுக்குக் குகை வேண்டாம். உள்ளங்கை அளவு வழவழப்பான கல் ஒன்று போதும். அடியில் மெல்லிய மணல், இரண்டு மூன்று வாதுமை இலை. தறி ஓடும் அறைச் சுவரை ஒட்டி ரேக் வைக்காதீர்கள். அதிர்வில் மிரண்ட தாய் முட்டையைத் தின்றுவிடும். அம்மாப்பேட்டை, குகை ஆகிய தறிப் பகுதிகளில் இருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

குஞ்சுப் பெட்டி வேறு. 12 x 8 x 8 அங்குலம், முதல் வாரம் 5 அங்குலம் மட்டும் தண்ணீர், அதாவது சுமார் 8 லிட்டர். இவ்வளவு சிறியதா என்று தோன்றும். குஞ்சு தீவனத்தைத் தேடிப் போகாது, தீவனம் அதன் வாய்க்கு முன்னால் வர வேண்டும். அகலமும் ஆழக்குறைவும் அதற்குத்தான். கண்ணாடி ஒட்டும் சிலிக்கான், மீன் தொட்டிக்கென்றே விற்பதாக இருக்கட்டும். குளியலறைச் சிலிக்கானில் பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து கலந்திருப்பார்கள். பெரிய மீன் தாங்கினாலும் குஞ்சு தாங்காது. ஒட்டிய பிறகு வினிகர் வாடை முழுக்கப் போகும்வரை, ஒரு வாரம் காயவிட்டு, இரண்டு முறை தண்ணீர் நிரப்பிக் கொட்டிய பிறகே பயன்படுத்துங்கள். அடிக்கண்ணாடிக்கு வெளிப்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். வெறும் கண்ணாடியில் தெரியும் பிம்பம் மீன்களைக் கலவரப்படுத்தும். கறுப்பின் மேல், குஞ்சுத் தீவனமான ஆர்டிமியா என்ற ஆரஞ்சு நிற நுண்ணிறால் மிச்சம் கிடப்பதும் உங்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த 8 லிட்டரில் நேரடியாக ஹீட்டர் போடுவது ஆபத்து. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் சில மணி நேரத்தில் எல்லாம் வெந்துவிடும். பெரிய தொட்டியிலோ அகலமான பிளாஸ்டிக் டப்பிலோ தண்ணீர் ஊற்றி, ஹீட்டரை அதில் போட்டு, குஞ்சுப் பெட்டிகளை அதற்குள் இறக்கி வையுங்கள். நாலு பெட்டிக்கு ஒரே ஹீட்டர் போதும்; வெப்பமும் மெதுவாகத்தான் ஏறும், இறங்கும்.

ஃபில்டர் என்றால் ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒன்றுதான். மோட்டார் ஃபில்டர் எதுவானாலும் குஞ்சை உறிஞ்சிவிடும். கடையிலிருந்து வாங்கிய புது ஸ்பான்ஜ் வெறும் பஞ்சு. அதில் உயிர் இல்லை. பெரிய மீன் இருக்கும் தொட்டியில் நாலு வாரம் ஓடவிட்டால்தான் அமோனியாவை முறிக்கும் பாக்டீரியா அதில் குடியேறும். முன்பே ஒரு மாதம் என்று நாங்கள் சொன்னது இந்த ஸ்பான்ஜுக்காகத்தான். எப்போதும் ஒன்றுக்கு இரண்டு ஸ்பான்ஜ் பெரிய தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கட்டும். அதைக் குழாயடியில் கழுவாதீர்கள், குளோரின் அத்தனையையும் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும்.

ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைத்து, வழியில் ஒரு நான்ரிட்டர்ன் வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியே பம்ப்புக்கு இறங்கும். முதல் மூன்று நாள் காற்றை வால்வில் குறைத்து, விநாடிக்கு இரண்டு குமிழி எண்ணும் அளவுக்கு வையுங்கள். வேகமாக விட்டால் குஞ்சு நீச்சலிலேயே சோர்ந்துவிடும். கரண்ட் கட் ஆகும்போது ஓட, பேட்டரியில் இயங்கும் சிறிய பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். 30 டிகிரியில் தண்ணீர் தாங்கும் ஆக்ஸிஜன் லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம்தான். சித்திரை மதியத்தில் இரண்டு மணி நேரம் காற்று நின்றால், கூட்டமான பெட்டியில் அது போதாது.

குஞ்சைத் தாயிடமே விடுவதா, பிரிப்பதா? ஏப்பிஸ்டோ, கிரிப் என்றால் விட்டுவிடுங்கள். மஞ்சளும் கறுப்புமாக நிறம் மாறிய ஏப்பிஸ்டோ தாய் குஞ்சுகளை இரை இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போவதை நம்மால் செய்து தர முடியாது. ஏப்பிஸ்டோ ஆணை மட்டும் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் தாய் அதைக் கடித்தே கொன்றுவிடக்கூடும். பண்ணையில் தலைமுறை தலைமுறையாகச் செயற்கையாகப் பொரித்த ராம் பலவற்றுக்குக் காக்கும் குணம் மங்கிவிட்டது. மூன்று முறை முட்டையைத் தின்ற ஜோடி என்றால், நாலாவது முறை கல்லோடு முட்டையை எடுத்து, அதே தொட்டித் தண்ணீரை நிரப்பிய பெட்டியில் வையுங்கள். முட்டையை உரசாமல் பக்கத்தில் குமிழி ஏறும்படி ஒரு ஏர் கல். வெள்ளையான முட்டையை டிராப்பரால் அன்றன்றே எடுத்துவிட வேண்டும்.

28 டிகிரியில் ராம் முட்டை இரண்டரை நாளுக்குள் பொரியும். பிறகு நாலைந்து நாள் குஞ்சு தரையில் வால் துடித்துக்கொண்டு கிடக்கும். வயிற்றில் மஞ்சள் கரு இருப்பதால் அப்போது தீவனம் வேண்டாம். போட்டால் அது அழுகித் தண்ணீர்தான் கெடும். எழும்பி நீந்தும் அன்று முதல் தீவனம். அதற்குள் தீவனம் கையில் தயாராக இருக்க வேண்டும்.

ஏப்பிஸ்டோ, கிரிப் குஞ்சுகள் முதல் நாளே ஆர்டிமியாவைத் தின்னும். ராம் குஞ்சின் வாய் இன்னும் சிறியது. முதல் மூன்று நாலு நாள் அதற்கு இன்ஃபியூசோரியா என்ற நுண்ணுயிர்களோ வினிகர் புழுவோ வேண்டும். காய்ந்த வாழை இலை ஒரு துண்டும் ஒரு பிடி வைக்கோலும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, நிழலில் வைத்தால் ஐந்தாறு நாளில் இன்ஃபியூசோரியா கிடைக்கும். தண்ணீர் முதலில் பால்போல் கலங்கி நாறும். அது பாக்டீரியா, அப்போது எடுக்கக் கூடாது. கலங்கல் தெளிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் தூசிபோல் நகர்வது தெரியும்போது எடுங்கள். ஓட்ஸ் கஞ்சியில் வளர்க்கும் மைக்ரோவார்ம் என்ற சிறு புழு நல்ல தீவனம்தான், ஆனால் சேலத்து மே மாத அறையில் கஞ்சி புளித்துப் புழு செத்துவிடுகிறது. வினிகர் புழு அந்தச் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்குகிறது. தண்ணீரில் போட்டால் கீழே படியாமல் பல மணி நேரம் நீந்திக்கொண்டிருக்கும் என்பது கூடுதல் வசதி.

ஆர்டிமியா பொரிக்க ஒரு லிட்டர் பாட்டிலைத் தலைகீழாக மாட்டி, லிட்டருக்கு 25 கிராம் கல்லுப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா, 1 கிராம் ஆர்டிமியா முட்டை. அயோடின் சேர்த்த தூள் உப்பைத் தவிர்த்து, தூத்துக்குடிக் கல்லுப்பு வாங்குங்கள். நன்றாகக் கொதிப்பதுபோல் ஏர், பக்கத்தில் ஒரு பல்பு. 28 டிகிரியில் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். ஏரை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சு அடியில் சேரும். ஏர் டியூபால் அடியிலிருந்து இறக்கி, ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் கிடைக்கும் 120 நம்பர் வலைத்துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஓடு கலந்தால் குஞ்சின் குடலை அடைக்கும். பொரித்த ஆறு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் சத்து; பிறகு அது தன் கருவைத் தானே தின்று இளைத்துவிடும். ஆர்டிமியா முட்டை டப்பாவைத் திறந்த பிறகு காற்றுப்புகாத புட்டியில் சிறிது சிறிதாகப் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஈரம் பட்ட முட்டை பொரியாது.

ஒரு நாளைக்கு மூன்று நாலு முறை, கொஞ்சம் கொஞ்சமாக. போட்ட இருபது நிமிடம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். வயிறு ஆரஞ்சு உருண்டையாகத் தெரிந்தால் தின்கிறது. அவித்த முட்டை மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. நம் ஊர்ச் சூட்டில் அது இரண்டு மணி நேரத்தில் கெட்டு, எட்டு லிட்டரையும் சேர்த்துக் கெடுத்துவிடும். தயவுசெய்து வேண்டாம். சாக்கடையில் எடுக்கும் டியூபிஃபெக்ஸ் புழுவும் குஞ்சுக்கு ஆகாது. பத்து நாளுக்குப் பிறகு வீட்டிலேயே பாசியால் பச்சையான தண்ணீரில் வளர்த்த மொய்னா என்ற தண்ணீர்ப்பூச்சியைத் தரலாம். குளத்து மொய்னாவோடு, மீன் குஞ்சைப் பிடித்துத் தின்னும் ஹைட்ராவும் தும்பிப் பூச்சியின் குஞ்சும் வரும். கண்ணாடியில் சிறு நூல்போல் ஒட்டி, கைகளை விரிக்கும் ஹைட்ராவைக் கண்டால், குஞ்சுகளை வேறு பெட்டிக்கு மாற்றி, பழைய பெட்டியை வெயிலில் காயவைப்பதே சுலபமான வழி.

அடியில் தங்கும் மிச்சத்தை தினமும் ஏர் டியூபால் உறிஞ்சி எடுக்க வேண்டும். டியூபின் மறுமுனை வெள்ளை வாளியில் இருக்கட்டும். தப்பி வந்த குஞ்சு கண்ணில் படும், ஸ்பூனால் எடுத்துத் திரும்ப விடலாம். எடுத்த அளவு, அதாவது பத்தில் ஒரு பங்கு, அதே டிடிஎஸ், அதே வெப்பத்தில் புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். டியூபில் ஒரு முடிச்சுப் போட்டாலே சொட்டும். இரண்டு வாரத்துக்குப் பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் கால் பங்கு. குஞ்சு ஒரு சென்டிமீட்டர் தாண்டினால் 36 x 15 x 15 தொட்டிக்கு மாற்றலாம். 130 லிட்டரில் நாற்பது ஐம்பதுக்கு மேல் வேண்டாம். அப்போது மெல்ல மெல்ல, இரண்டு மூன்று வாரத்தில், குழாய்த் தண்ணீருக்குப் பழக்கிவிடலாம். முட்டைக்குத்தான் மென்தண்ணீர், வளர்ந்த குஞ்சுக்கு அவ்வளவு கட்டாயமில்லை.

ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் கூட்டமாகச் சாவது பலருக்கும் நடப்பது. நோய் என்று மருந்து ஊற்றுகிறார்கள். பெரும்பாலும் அமோனியா. பிஹெச் 7 இருக்கும் தண்ணீரில் மொத்த அமோனியாவில் விஷ வடிவம் 100க்கு 1 பங்குகூட இராது. பிஹெச் 8 ஆனால் அது பத்து மடங்கு, ஆறேழு பங்கு ஆகிவிடும். சேலத்துக் கடினத் தண்ணீரில் சாகும் குஞ்சு, அதே அளவு தீவனத்தோடு மென்தண்ணீரில் பிழைப்பது இதனால்தான். முட்டைத் தண்ணீரில் வளர்ந்த குஞ்சுகளுக்கு அவசரமாகப் போர் தண்ணீரை ஊற்றினால் இதுவே ஒரு மணி நேரத்தில் நடக்கும். மூன்று நாலு வாரத்தில் சாகாமல் வளர்ச்சி மட்டும் நின்றால், கூட்டம் அதிகம், தண்ணீர் மாற்றுவது குறைவு என்று பொருள். அப்போது குறுகிப்போன குஞ்சைப் பிறகு எதைப் போட்டாலும் பெரிதாக்க முடியாது.

வெப்பம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏப்பிஸ்டோவில் ஆணா பெண்ணா என்பதையே அது முடிவு செய்கிறது. ஜெர்மனியின் உவே ரோமரும் வொல்ஃப்காங் பைசன்ஹெர்ஸும் 30க்கும் மேற்பட்ட ஏப்பிஸ்டோ இனங்களில் இதைச் சோதித்து 1996இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான இனங்களில் 29 டிகிரியில் ஆண்கள் மிகுதி, 23 டிகிரியில் பெண்கள் மிகுதி. முட்டையிட்டதிலிருந்து ஏறத்தாழ முதல் ஒரு மாதம்தான் இது நடக்கும். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் எடுக்கும் ஏப்பிஸ்டோ குஞ்சு பெரும்பாலும் ஆணாக முடிவது இதனால். ஜோடியாக விற்க நினைப்பவர்கள் கார்த்திகை முதல் மாசி வரை குஞ்சு எடுத்து, 26 டிகிரியில் நிறுத்த வேண்டும். கோடையில் செய்தே ஆக வேண்டுமானால் தரைத்தளத்து அறை, ரேக்கின் கீழ்த்தட்டு, தண்ணீர் மேல் படும்படி ஒரு சிறிய ஃபேன். இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியான தண்ணீருக்கு ஆர்ஓவையே ஊற்றுங்கள். கடினத் தண்ணீரை ஊற்றினால் உப்பு நாளுக்கு நாள் ஏறும்.

ஏற்காட்டில் எல்லாம் நேர்மாறு. மலை சார்னோகைட் என்ற கருங்கல் வகைப் பாறை; ஊற்றுத் தண்ணீரும் மழையும் மென்மையானவை. அங்கே எதிரி குளிர். மார்கழி இரவில் அறை 14 டிகிரி இருந்தால், லிட்டருக்கு ஒரு வாட் என்ற சமவெளிக் கணக்குப் போதாது, இரண்டு வாட் வேண்டும். தொட்டிக்கு மேலே கண்ணாடி மூடி, இரண்டு பக்கமும் பின்பக்கமும் தெர்மாகோல். அந்த ஊருக்கு ஏற்ற மீன் ஏப்பிஸ்டோ போரெல்லி. பராகுவே ஆற்றுப் பகுதியிலிருந்து வருவதால் குளிரைத் தாங்கும். ராம் அங்கே வேண்டாம்.

மலையிலிருந்து இலை, வேர், கட்டை பொறுக்கி வந்து தொட்டியில் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் ஓக் இலை வேறு, காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் வேறு. பெயர் ஒற்றுமையை நம்பிப் போடாதீர்கள். காபிச் செடிக்கு இலைத்துரு நோய் வராமலிருக்க மழைக்கு முன்னும் பின்னும் போர்டோ கலவை அடிப்பார்கள்; அதில் மயில்துத்தம், அதாவது தாமிரம் இருக்கிறது. அந்த இலையிலும் கட்டையிலும் ஒட்டியிருக்கும் தாமிரம் பெரிய மீனைவிடக் குஞ்சையும் நத்தையையும் முதலில் கொல்லும். நம் தெருவோரத்து வாதுமை மரத்தில் தானாகப் பழுத்து விழுந்த இலையே போதும். கழுவி, 20 லிட்டருக்கு ஒன்று.

கொசு மருந்து விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சுவரில் செருகும் கொசுவிரட்டியின் மருந்து பைரித்ராய்டு வகை, மீனுக்குக் கடும் விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள்ளேயே செலுத்துகிறது. தொட்டி இருக்கும் அறையில் அது கூடவே கூடாது. டெங்கு தடுப்புப் பணியாளர்கள் சம்ப்பில் விடும் அபேட் என்ற மருந்து, கொசுப்புழுவைக் கொல்லும் அளவிலேயே மொய்னாவையும் அழித்துவிடும். அவர்கள் செய்வது ஊருக்குத் தேவையான வேலை, தடுக்கச் சொல்லவில்லை. அவர்கள் வருவதற்கு முன் மீனுக்கான தண்ணீரைத் தனி டிரம்மில் பிடித்து, கொசு புகாமல் இறுக மூடி வைத்துக்கொள்ள வேண்டும்.

மிஞ்சிய குஞ்சுகளை ஏற்காடு ஏரியிலோ பனமரத்துப்பட்டி ஏரியிலோ கொண்டுபோய் விடாதீர்கள். கடைக்காரரிடமோ தெரிந்தவரிடமோ கொடுங்கள். ஜிலேபி ஒன்றே நம் நீர்நிலைகளுக்குப் போதும்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். வண்ணமீன் தொழில் பற்றி அடுத்த முறை எழுதும்போது, மீனின் விலையோடு அதற்கு வேண்டிய டிடிஎஸ், பிஹெச், வெப்பம் மூன்றையும் சேர்த்து அச்சிடுங்கள். இரண்டாவது, எந்த வார்டில் எந்த மாலை கொசுப் புகை அடிக்கப்படும் என்ற விவரத்தைக் கேட்டு வாங்கி உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு வரி போடுங்கள். ஜன்னலைச் சாத்தி, தொட்டியை மூடி, பம்ப்பின் காற்றை அரை மணி நேரம் உள்ளறையிலிருந்து எடுக்க அந்த ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
குள்ள சிக்லிட் வளர்க்கும் வாசகர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம்.